டி.என்.ஏ அச்சிடும் எந்திரம்: வரைபடம் திறந்திருந்தால் போதுமா?

விதை யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் வேளாண்மை இருக்கும். இதை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இந்தப் பாடம் விதைக்குள் எழுதப்பட்டிருக்கும் எழுத்தைப் பற்றியது. அந்த எழுத்தை இப்போது எந்திரத்தில் கோத்து எடுக்கிறார்கள். அந்த எந்திரத்தை யார் செய்கிறார்கள், அதன் வரைபடம் யாரிடம் இருக்கிறது, அதற்குள் ஊற்றும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் உழவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்திதான்.

"நமக்கு எதுக்குங்க இதெல்லாம்? மாடு, மண்புழு, பஞ்சகவ்யம் போதாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டு காரணம் சொல்கிறேன். ஒன்று, இயற்கைப் பருத்தி விளைவிப்பவர் தன் பருத்தியில் பி.டி. கலப்பு இல்லை என்று காட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனை நடப்பதே செயற்கையாகச் செய்த டி.என்.ஏ துண்டை வைத்துத்தான். இரண்டு, "இது ரசாயன நஞ்சு இல்லை, இயற்கைப் பொருள்தான்" என்ற பேச்சோடு ஆர்.என்.ஏ பூச்சிக்கொல்லிகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டன. நாளை நம் ஊர்க் கடைக்கும் வரலாம். வருகிற பொருள் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால்தான் சரியான கேள்வி கேட்க முடியும்.

எழுத்து நான்கு, நூல் கோடி

நெல்லாகட்டும், கத்தரிச் செடியாகட்டும், காய்ப்புழுவாகட்டும், எல்லா உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ என்ற நீண்ட இழை இருக்கிறது. அதில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. இந்த நான்கும் எந்த வரிசையில் வருகின்றன என்பதுதான் செய்தி. ஏ எதிரே டி, ஜி எதிரே சி என்று ஜோடி சேர்ந்து, இரண்டு இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு இருக்கும்.

டி.என்.ஏ வீட்டுப் பத்திரம் மாதிரி. பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும், வெளியே எடுக்க மாட்டோம். அதிலிருந்து எடுக்கிற நகல்தான் ஆர்.என்.ஏ. நகலை எடுத்துக்கொண்டு போய்த்தான் செல் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்கிறது. வேலை முடிந்தால் நகல் அழிந்துவிடும். ஆர்.என்.ஏவில் டி என்ற எழுத்துக்குப் பதில் யு வரும். இந்த அளவு தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

கிராமக் கணக்கர் மகன் தொடங்கிவைத்த வேலை

உயிர் எழுதுவதை மனிதன் எழுத முடியும் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் ஹர் கோவிந்த் குரானா. பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் 1922இல் பிறந்தவர். அப்பா கிராமக் கணக்கர். அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் கிட்டத்தட்ட அவர்களுடையது ஒன்றுதான். 1968இல் நோபல் பரிசு பெற்ற குரானா, 1970இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தம் குழுவோடு ஒரு முழு மரபணுவைச் செயற்கையாகச் செய்து முடித்ததாக அறிவித்தார். ஈஸ்ட்டில் இருக்கும் ஒரு சிறு மரபணு அது, 77 எழுத்து நீளம். அந்த 77 எழுத்துக்குப் பல பேர் பல ஆண்டுகள் உழைத்தார்கள்.

குரானாவிடம் பயின்ற மார்வின் கேருத்தர்ஸ், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1980களின் தொடக்கத்தில் இந்த வேலையை எளிதாக்கினார். அவர் வகுத்த முறைதான் இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. அதில் நான்கே படிகள்.

கண்ணாடி மணியிலோ தட்டிலோ முதல் எழுத்தை ஒட்டிவைக்கிறார்கள். அதன் தலையில் ஒரு மூடி இருக்கும். முதல் படி, அமிலம் விட்டு அந்த மூடியைக் கழற்றுவது. இரண்டாம் படி, மூடி போட்ட அடுத்த எழுத்தைக் கொண்டுவந்து இணைப்பது. மூடி இருப்பதால் ஒரு எழுத்துக்கு மேல் சேராது. மூன்றாம் படி, எழுத்து சேராமல் தப்பிவிட்ட இழைகளின் வாயை நிரந்தரமாக அடைப்பது. இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் அவை தப்பும் தவறுமாக வளரும். நான்காம் படி, போட்ட இணைப்பை உறுதியாக்குவது. பிறகு மறுபடி முதல் படி. பூக்காரம்மா ஒவ்வொரு பூவாக எடுத்து முடிச்சுப் போடுவதுபோல, ஒரு சுற்றுக்கு ஒரு எழுத்து.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போதுமா?

இங்கேதான் கணக்கு வருகிறது. பொறுமையாகப் பாருங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் 100 இழைகளில் 99இல் எழுத்து ஒழுங்காகச் சேர்கிறது என்று வைப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பியது தப்பியதுதான். மிச்சம் இருக்கிற இழைகளில்தான் அடுத்த சுற்று நடக்கும். அப்படியே போனால் முடிவில் கிடைப்பது:

• 20 எழுத்து நீளத்துக்கு, 100இல் ஏறக்குறைய 83 இழைகள் முழுமையாக இருக்கும்.
• 100 எழுத்து நீளத்துக்கு, ஏறக்குறைய 37.
• 200 எழுத்து நீளத்துக்கு, ஏறக்குறைய 13 அல்லது 14.

இதையே 98 ஆகக் குறைத்துப் பாருங்கள். 100 எழுத்துக்கே 13 அல்லது 14தான் மிஞ்சும். 99.5 ஆக உயர்த்தினால் 200 எழுத்துக்கும் 37 கிடைக்கும். சுற்றுக்கு அரைச் சதவீதம்தான் வித்தியாசம், அறுவடையில் அது இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. நூறு படிகள் கொண்ட எந்த வேலையிலும் ஒவ்வொரு படியின் நேர்த்தியும் பெருக்கலாகத்தான் சேரும். அதனால்தான் நீண்ட மரபணுவை ஒரே இழுப்பில் செய்வதில்லை. சிறு துண்டுகளாகச் செய்து, பிறகு நொதிகளைக் கொண்டு ஒட்டுப்போடுகிறார்கள்.

அந்த அரைச் சதவீதத்தைத் தின்னும் பெரிய எதிரி ஈரம். எழுத்துச் சரக்கு தண்ணீர் பட்டால் இழையோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும். காற்றில் இருக்கும் ஈரமே போதும். அதனால் நீர் நீக்கிய கரைப்பான், உலர்ந்த நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயு நிரப்பிய கூண்டு எல்லாம் வேண்டும். விதைநெல்லைச் சரியாகக் காயவைக்காமல் குதிரில் போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான்.

மை தெளிக்கும் எந்திரம்: போசாம்

இப்போது நம் பாடத்தின் மையத்துக்கு வருவோம்.

1990களின் பிற்பகுதியில், ஆயிரக்கணக்கான டி.என்.ஏ துண்டுகளை ஒரு கண்ணாடித் தகட்டில் புள்ளி புள்ளியாக வைத்து ஆராயும் முறை வந்தது. நிறுவனங்கள் விற்ற தகடுகள் விலை அதிகம். அப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் பிரவுனின் ஆய்வுக்குழு, ஊசியால் புள்ளி வைக்கும் எந்திரத்தை எப்படிச் செய்வது என்ற முழு விவரத்தையும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டது. பல நாட்டு ஆய்வகங்கள் அதைப் பார்த்துத் தாங்களே எந்திரம் செய்துகொண்டன. அந்த நுட்பம் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அந்த எந்திரம் ஏற்கனவே செய்த டி.என்.ஏவைத்தான் தொட்டு வைக்கும். புதிதாக எழுதாது. அடுத்த படியை சியாட்டில் நகரில் உள்ள அமைப்பு உயிரியல் நிறுவன விஞ்ஞானிகள் எடுத்துவைத்தார்கள். 2004இல் 'போசாம்' என்ற எந்திரத்தின் வரைபடத்தையும் மென்பொருளையும் திறந்த முறையில் வெளியிட்டார்கள். அதன் இதயம் என்ன தெரியுமா? வீட்டில் படம் அச்சிடுகிற எப்சன் பிரிண்டரின் மை தெளிக்கும் தலைதான்! வண்ண மை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு எழுத்துச் சரக்கும், அவற்றை இணையத் தூண்டும் பொருளும். எந்தப் புள்ளியில் எந்த எழுத்து விழ வேண்டும் என்று கணினி சொல்லும். தலை அங்கே துளி விடும். மூடி கழற்றுவது போன்ற மற்றப் படிகளுக்குத் தகடு முழுவதையும் கழுவுவார்கள். இப்படிச் சுற்றுச் சுற்றாக ஓடி, ஒரே தகட்டில் 9,800 புள்ளிகளில் 9,800 வேறு வேறு வரிசைகளை எழுதும்.

பிரிண்டர் தலை கடையில் கிடைப்பது. கூண்டும் குழாயும் பட்டறையில் செய்யக்கூடியவை. ஆட்டும் மென்பொருளைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். இதைத்தான் திறந்த மூல வன்பொருள் என்கிறோம். வரைபடம், உதிரிப்பாகப் பட்டியல், மென்பொருள் மூன்றையும் யாரும் பார்க்கலாம், செய்யலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம்.

இது ஏன் பெரிய விஷயம் என்று அமெரிக்க உழவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜான் டீர் டிராக்டரில் ஒரு கோளாறு என்றால் உழவர் தானே சரிசெய்ய முடியாதபடி மென்பொருள் பூட்டு இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். 2025 ஜனவரியில் அந்நாட்டு வணிக ஆணையமே இதற்காக அந்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. விலை கொடுத்து வாங்கிய எந்திரம் நம்முடையதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி.

'பெரிய அளவு' என்றால் எது பெரிசு?

டி.என்.ஏ, ஆர்.என்.ஏவைப் பெரிய அளவில் செய்கிறோம் என்று சொல்லும்போது இரண்டு வேறு வேலைகளைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். ஆயிரம் பாரம்பரிய நெல் ரகங்களில் ஒவ்வொரு பிடி வைத்திருப்பது ஒரு வேலை. ஒரே ரகத்தில் ஆயிரம் மூட்டை விளைவிப்பது வேறு வேலை. இரண்டுக்கும் களமும் கருவியும் வேறு.

போசாம் முதல் வகை. வரிசைகள் ஏராளம், ஒவ்வொன்றின் அளவோ கண்ணுக்கே தெரியாத துளியிலும் துளி. இன்று டிவிஸ்ட் பயோசயின்ஸ் போன்ற நிறுவனங்கள் சிலிக்கான் சில்லுகளின்மேல் செய்வதும் இந்த வகைதான். அதனால்தான் செயற்கை மரபணுவின் விலை எழுத்துக்குப் பத்து அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

வயலில் தெளிக்க வேண்டுமென்றால் இரண்டாம் வகை வேண்டும். வரிசை ஒன்று, அளவு கிலோ கணக்கில். இதை எழுத்தெழுத்தாகக் கோத்துச் செய்தால் கட்டுப்படியாகாது. வேறு வழி இருக்கிறது. டி.என்.ஏ அச்சு ஒன்றைச் செய்துவிட்டால், அதைப் பார்த்து ஆர்.என்.ஏ நகலை மறுபடி மறுபடி எடுத்துத் தள்ளும் நொதி ஒன்று உண்டு. டி7 என்ற வைரஸிலிருந்து 1970இல் கண்டறிந்தது. அச்சு டி.என்.ஏவையும் பாக்டீரியாவில் வளர்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். கொரோனா கால எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிகளும் இந்த நொதி முறையில் செய்தவைதான்.

இந்த இரண்டாம் வகைக்கு வேண்டிய எந்திரம் ஏறக்குறைய நமக்குத் தெரிந்ததே. சூடு ஒரே அளவாக நிற்கும் கலன், கலக்கி, அளந்து விடும் பம்பு, வடிகட்டி. வெப்பத்தையும் பம்பையும் ஆட்டும் திறந்த மூல மின்சுற்றுகள் உலகெங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆக, எந்திரம் பெரிய தடை இல்லை. தடை நொதியிலும், மூலப்பொருளிலும், சுத்தம் பார்க்கும் சோதனையிலும் இருக்கிறது.

ஆர்.என்.ஏ தெளிப்பு: என்ன செய்யும், என்ன செய்யாது

1990இல் அமெரிக்காவில் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தைக் கூட்ட, நிறம் தரும் மரபணுவை ஒரு படி அதிகமாகச் சேர்த்தார்கள். பூ அடர் ஊதா ஆகவில்லை. பல பூக்கள் வெள்ளையாகிப் போயின. சேர்த்த மரபணு, ஏற்கனவே இருந்ததையும் அடக்கிவிட்டது. காரணம் பின்னால் தெரிந்தது. 1998இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ இருவரும் ஒரு நுண்புழுவில் இதைத் தெளிவாக்கினார்கள். ஈரிழை ஆர்.என்.ஏ செல்லுக்குள் போனால், செல் அதைச் சிறு துண்டாக வெட்டி, அதே வரிசை உள்ள தன் நகல்களையும் தேடி அழித்துவிடும். இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் பூச்சிமேல் திருப்பினார்கள். பூச்சிக்கு உயிர்நாடியான ஒரு மரபணுவின் வரிசையில் ஈரிழை ஆர்.என்.ஏ செய்து இலையில் தெளித்தால், தின்ற பூச்சி அந்தப் புரதத்தைச் செய்ய முடியாமல் சாகும். உருளைக்கிழங்கைத் தாக்கும் கொலராடோ வண்டுக்கு எதிராக லெட்ப்ரோனா என்ற ஆர்.என்.ஏ அடங்கிய தெளிப்பை 2023 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவு செய்தது. கிரீன்லைட் பயோசயின்சஸ் என்ற நிறுவனத்தின் பொருள் அது.

நல்லதைச் சொல்லிவிடுவோம். ஏக்கருக்குச் சில கிராம் போதும். மண்ணில் சில நாட்களில் சிதைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வரிசை பொருந்தாத பூச்சியை அது தொடாது. பரந்து கொல்லும் ரசாயன நஞ்சோடு ஒப்பிட்டால் இதெல்லாம் முன்னேற்றம்தான்.

இப்போது மறுபக்கம். முதலாவது, வண்டு இனங்களில் இது நன்றாக வேலை செய்கிறது. புழு இனங்களில், அதாவது அந்துப்பூச்சியின் புழுக்களில், பெரும்பாலும் சரியாக வேலை செய்வதில்லை. அவற்றின் குடலே ஆர்.என்.ஏவைச் சிதைத்துவிடும். நமக்குத் தொல்லை தரும் காய்ப்புழு, படைப்புழு, தண்டுத்துளைப்பான் எல்லாம் அந்த இனம்தான். எனவே "எல்லாப் பூச்சிக்கும் ஆர்.என்.ஏ" என்று யாராவது விற்க வந்தால் அதை நம்பிவிட வேண்டாம்.

இரண்டாவது, எதிர்ப்புத்திறன். 2021இல் வெளியான ஆய்வில், கொலராடோ வண்டை ஆய்வகத்தில் ஒன்பது முறை ஆர்.என்.ஏ கொடுத்துத் தெரிந்தெடுத்தபோது, 11,000 மடங்குக்கு மேல் தாங்கும் வண்டுகள் வந்துவிட்டன. பி.டி. பருத்தியில் நாம் பார்த்தோமே. 2002இல் இந்தியாவில் அனுமதி, பத்தாண்டு முடிவதற்குள் குஜராத்தில் இளஞ்சிவப்பு காய்ப்புழு தாங்கப் பழகிவிட்டது. ஒரே ஆயுதத்தைத் திரும்பத் திரும்ப வீசினால் பூச்சி கற்றுக்கொள்ளும். ஆயுதத்தின் பெயர் மாறினாலும் இந்த விதி மாறாது.

மூன்றாவது, சான்றிதழ். நம் தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்ட விதிகள் மரபணு மாற்று உயிரிகளையும் அவற்றிலிருந்து பெறும் பொருட்களையும் ஏற்பதில்லை. ஆர்.என்.ஏ தெளிப்பு செடியின் மரபணுவை மாற்றுவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஆர்.என்.ஏவை எதில் செய்தார்கள்? மரபணு மாற்றிய பாக்டீரியாவிலா? அல்லது அப்படிப்பட்ட பாக்டீரியாவில் எடுத்த நொதியைக் கொண்டா? சான்று வாங்கிய உழவர் இதைக் கேட்காமல் ஒரு சொட்டுக்கூடத் தெளிக்கக் கூடாது.

திறந்திருக்கும் கதவு ஒன்று, பூட்டிய கதவு மூன்று

எந்திரத்தின் வரைபடம் திறந்துவிட்டது. சரி, எல்லாம் கிடைத்துவிட்டதா? இல்லை. நான்கு கதவு இருக்கிறது.

முதல் கதவு எந்திரம். போசாம் போன்றவை இதைத் திறந்தன.

இரண்டாம் கதவு இடுபொருள். எழுத்துச் சரக்கு, நீர் நீக்கிய கரைப்பான், நொதி எல்லாவற்றையும் ரசாயன நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டும். சொந்த டிராக்டர் இருந்தும் டீசலுக்குக் கையேந்துகிற நிலை. இந்தக் கதவைத் தட்டும் முயற்சிகள் உண்டு. காப்புரிமை முடிந்த நொதிகளை அந்தந்த நாட்டிலேயே செய்துகொள்ள இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உள்ள ஒரு திறந்த ஆய்வகமும், கேமரூன் நாட்டின் யாவுண்டே நகரில் உள்ள எம்போவாலாபும் வேலை செய்கின்றன.

மூன்றாம் கதவு வரிசை. எந்திரம் உங்களுடையது, ஆனால் அதில் எழுத வேண்டிய வரிசைக்கு யாரோ காப்புரிமை வாங்கியிருந்தால் எழுத முடியாது. மஞ்சளுக்கும் வேம்புக்கும் நடந்ததை மறந்துவிட வேண்டாம். மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமை 1997இல் ரத்தானது. வேம்புக்கு ஐரோப்பாவில் 1994இல் கொடுத்தது 2000இல் ரத்தாகி, மேல்முறையீடும் 2005இல் தோற்றது. போராடித்தான் வாங்கினோம்.

நான்காம் கதவு கைப்பழக்கம். வரைபடத்தைப் பார்த்து எந்திரம் செய்துவிடலாம். அதை 99.5க்கு ஓட்டுவது பழகிய கையால்தான் முடியும். விதை வாங்கினால் மட்டும் விளைச்சல் வந்துவிடாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விதையில் இந்த நான்கையும் சேர்த்துத் திறக்கப் பார்த்தவர்கள் உண்டு. குரானா வேலை செய்த அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ஜாக் கிளாப்பன்பர்க், இர்வின் கோல்ட்மன் முதலியோர் 2014இல் திறந்த மூல விதை முன்முயற்சியின் சார்பில் 30க்கும் மேற்பட்ட ரகங்களை ஓர் உறுதிமொழியோடு வெளியிட்டார்கள். இந்த விதையை எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் இதையும் இதிலிருந்து வருவதையும் பிறர் பயன்படுத்தத் தடை போடக் கூடாது என்பதே அந்த உறுதிமொழி. கொடுப்பது மட்டும் போதாது, கொடுத்ததை எவரும் பூட்டாமல் காக்கவும் வேண்டும். நம் விதைத் திருவிழாக்களில் கைமாறும் ஒவ்வொரு பிடி விதைக்கும் இது பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கை

ஒன்று, கழிவு. எழுத்துக் கோக்கும் முறையில் ஒவ்வொரு சுற்றுக்கும் கழுவ வேண்டும். அசிட்டோநைட்ரைல், பிரிடின் போன்ற தீப்பற்றும், நச்சுக் கரைப்பான்கள் நிறையச் செலவாகும். இதைக் கிணற்றடியில் ஊற்றிவிட முடியாது. நீரில் நொதி கொண்டு டி.என்.ஏ எழுதும் முறைக்கு 2018இல் கலிபோர்னியாவில் ஒரு குழு நல்ல வழி காட்டியது. அது முதிர்ந்தால் இந்தக் கவலை குறையும்.

இரண்டு, தவறான கை. 2002இல் நியூயார்க் மாநில விஞ்ஞானிகள் வெறும் வரிசையை வைத்துப் போலியோ வைரஸையே செய்து காட்டினார்கள். அதன் பிறகு டி.என்.ஏ செய்து விற்கும் நிறுவனங்கள் பல, 2009இலிருந்து கூட்டாகச் சேர்ந்து, வருகிற ஆர்டரில் ஆபத்தான வரிசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்கின்றன. தனியார் வீட்டில் எந்திரம் ஓடினால் அந்தச் சல்லடை இல்லை. எனவே எந்திரத்தின் அறிவு பொதுவாக இருப்பதும், எந்திரம் பொது நிறுவனத்தில், பதிவேட்டோடும் சோதனையோடும் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஊர்ப் பொதுக்கிணறு எல்லாருக்கும் சொந்தம். ஆனாலும் கைப்பிடிச் சுவர் கட்டித்தானே வைக்கிறோம்?

அப்படியானால் நமக்கு எது தேவை?

நேராகச் சொல்கிறேன். உழவர் குழுவுக்கு டி.என்.ஏ எழுதும் எந்திரம் தேவையில்லை. டி.என்.ஏவைப் படித்துப் பார்க்கும் சிறு சோதனைச் சாலைதான் தேவை.

பருத்தியை எடுத்துக்கொள்வோம். விதையில், இலையில், பஞ்சில் மரபணு மாற்றுக் கலப்பு இருக்கிறதா என்று பார்க்க 2019இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ ஒரு பொது நடைமுறையையே வகுத்தது. வெளுத்துச் சாயம் போட்ட துணியில் டி.என்.ஏ சிதைந்துவிடும், அங்கே பார்த்துப் பயனில்லை. ஆகவே சோதனை வயல் பக்கமே நடக்க வேண்டும்.

சோதனை இப்படி நடக்கும். மரபணு மாற்றுப் பயிர்கள் பலவற்றில் காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த 35எஸ் என்ற துண்டு இருக்கும். அதன் இரு முனைக்கும் பொருந்தும்படி, தலைக்கு ஏறக்குறைய 20 எழுத்தில் இரண்டு செயற்கை டி.என்.ஏ துண்டுகள் வேண்டும். இவற்றைத் தொடக்கத் துண்டு எனலாம். மாதிரியோடு இவற்றையும் நொதியையும் சேர்த்து, சூடு ஏற்றி இறக்கினால், 35எஸ் இருந்தால் அது ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கும். 30 சுற்றில் ஒன்று 107 கோடி ஆகும். இல்லையென்றால் எதுவும் பெருகாது. ஒரு எச்சரிக்கை: கோசு, கடுகுக் குடும்பச் செடியில் அந்த வைரஸ் நோய் வந்திருந்தாலும் விடை 'உண்டு' என்று வரும். அதனால் அங்கே இரண்டாவது சோதனையும் வேண்டும்.

இதில் 20 எழுத்துத் துண்டுதான் இருப்பதிலேயே மலிவானது. மேலே போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? 20 எழுத்துக்கு 83 முழுதாகக் கிடைக்கும், அதனால் அதைச் செய்வது சுலபம். ஒரு முறை வாங்கினால் நூற்றுக்கணக்கான சோதனைக்கு வரும். செலவு பிடிப்பது சூடேற்றும் எந்திரம், நொதி, குளிர்பெட்டி, பயிற்சி பெற்ற ஆள் ஆகியவைதான். சூடேற்றும் எந்திரத்துக்குத் திறந்த மூல விடை 2011லேயே வந்துவிட்டது. கலிபோர்னியாவில் இரண்டு இளைஞர்கள் செய்த ஓப்பன்பி.சி.ஆர், 600 டாலருக்குள் வரைபடத்தோடு கிடைத்தது. டான்சானியாவில் ஓப்பன்ஃபிளெக்ஷர் என்ற நுண்ணோக்கியைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு உள்ளூரிலேயே செய்கிறார்கள். ஒரு வட்டத்துக்கு ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும், பக்கத்தில் ஒரு வேளாண் கல்லூரியும் கைகோத்தால் இது எட்டாத உயரம் இல்லை. கருங்கண்ணிப் பருத்தி விதையைக் காப்பாற்றி வைத்திருப்பவருக்கு, அது கலப்பில்லாதது என்று தன் ஊரிலேயே சொல்ல முடிந்தால், அதுவே பெரிய தற்சார்பு.

குழுவில் பேச

அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்விகளை வைத்துப் பேசிப்பாருங்கள். ஆர்.என்.ஏ தெளிப்போடு யாராவது வந்தால் அவரிடமும் இதையே கேளுங்கள்.

1. இது எந்தப் பூச்சியின் எந்த மரபணுவைக் குறிவைக்கிறது? அந்த வரிசையை வெளியிட்டிருக்கிறீர்களா?
2. நன்மை செய்யும் பொறிவண்டும் வண்டு இனம்தானே. அதில் சோதித்தீர்களா?
3. இதை எதில் செய்தீர்கள்? சான்று விதிக்குப் பொருந்துமா? எழுத்தில் கொடுப்பீர்களா?
4. பூச்சி பழகிக்கொண்டால் அடுத்து என்ன?
5. நான்கு கதவுகளில் எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது? சாவி யாரிடம்?

ஐந்தாவது கேள்வியை எந்திரத்துக்கும், விதைக்கும், உரத்துக்கும், கைப்பேசிச் செயலிக்கும் போட்டுப் பாருங்கள். பதில் சொல்ல முடியாத பொருளை வயலுக்குள் விடுவதற்கு முன்னால் ஒரு பருவம் பொறுத்திருந்தால் நட்டம் ஒன்றும் இல்லை.